‘அறிவியல் பிடிக்குமா?’ என்று மட்டும் கேட்காதீர்கள்

தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லிச் சொல்லியே நம்மை வளர்த்தார்கள். கல்லூரிகளுக்கு இங்கே பஞ்சமில்லை, ஆய்வேடுகளுக்கும் பஞ்சமில்லை. எம்.எட். படிக்கும் தோழர்களைக் கேட்டுப் பாருங்கள். ‘அறிவியல் கற்றலில் மாணவர் ஈடுபாடு’, ‘அறிவியல் ஆசிரியர்களின் கற்பித்தல் தன்னம்பிக்கை’ என்ற மாதிரித் தலைப்பில் எழுதிய யாராவது ஒருவரை அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

அந்த ஆய்வேடுகளின் அச்சு ஒன்றுதான். ‘அறிவியல் பாடம் எனக்குப் பிடிக்கும்’ என்று ஒரு வாக்கியம் இருக்கும். எதிரே ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ தொடங்கி ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை ஐந்து கட்டங்கள். பிள்ளைகள் டிக் அடிப்பார்கள். ஆணா பெண்ணா, நகரமா கிராமமா, தமிழ்வழியா ஆங்கிலவழியா, அரசுப் பள்ளியா தனியார் பள்ளியா என்று பிரித்து ஒரு கணக்குப் போடுவார்கள். ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று ஒரு முடிவு வரும். ஆசிரியர்களுக்குப் பணியிடைப் பயிற்சி தர வேண்டும் என்று ஒரு பரிந்துரை. பிறகு பைண்டிங், வாய்மொழித் தேர்வு, நூலக அலமாரி.

இதைக் கேலி செய்வதற்காகச் சொல்லவில்லை. மாணவர் ஈடுபாடும் ஆசிரியர் தன்னம்பிக்கையும் ஆராய வேண்டிய விஷயங்களே. என் சண்டை வேறு இடத்தில். தாமிரபரணிக் கரையில் நின்றுகொண்டு, இந்த இரண்டையும் தனிமனிதர் மனதுக்குள் இருக்கும் சரக்காக அளப்பது பொய்க்கணக்கு. இங்கே இரண்டையும் தீர்மானிப்பதில் சாதிக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

சில ஆய்வேடுகளில் ‘இனம்’ என்று ஒரு கட்டமும் இருக்கும். பி.சி., எம்.பி.சி., எஸ்.சி. என்று ஏதாவது ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். அது சாதியை ஆராய்வதல்ல. சாதிச் சான்றிதழை நகல் எடுப்பது. வகுப்பில் யார் எங்கே உட்கார்கிறார்கள், யாரோடு யார் பேசுவதில்லை, யாரை ஆசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், யாரைத் தெருப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்பதெல்லாம் அந்தக் கட்டத்துக்குள் வராது.

வராத பிள்ளைக்கு ஈடுபாடு இல்லையா?

ஈடுபாடு பற்றிய ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படும் கட்டுரை ஒன்று 2004-இல் வந்தது. ஃபிரெட்ரிக்ஸ், புளூமென்ஃபெல்ட், பாரிஸ் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஈடுபாட்டை மூன்றாகப் பிரித்தார்கள். வகுப்புக்கு வருவது, பங்கெடுப்பது முதல் வகை. பாடத்தின் மீதும் பள்ளியின் மீதும் பிடிப்பு இருப்பது இரண்டாவது. மண்டையைக் கசக்கி யோசிப்பது மூன்றாவது.

இந்த அளவுகோலோடு நாங்குநேரிக்கு வாருங்கள். 2023 ஆகஸ்ட் 9 இரவு, பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவரை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். வெட்டியவர்கள் வள்ளியூரில் அவர் படித்த பள்ளியின் மாணவர்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதற்கு முன் சில நாட்கள் அந்த மாணவர் பள்ளிக்குப் போகவில்லை. ஏன் வரவில்லை என்று பள்ளியிலிருந்து விசாரித்தபோதுதான் சக மாணவர்களின் சாதித் தொல்லை வெளியே வந்தது. சொன்னதற்குக் கிடைத்த பதில் அரிவாள்.

அந்த வாரம் ஓர் ஆய்வாளர் கேள்வித்தாளோடு அந்த வகுப்புக்குப் போயிருந்தால் என்ன எழுதியிருப்பார்? வருகைப் பதிவேட்டில் ஆப்சென்ட். முதல் வகை ஈடுபாடு குறைவு. பள்ளி பிடிக்குமா என்று கேட்டிருந்தால் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ என்று டிக் விழுந்திருக்கும். இரண்டாவதும் குறைவு. அட்டவணையில் அவர் ‘ஆர்வமற்ற மாணவர்’. வெட்டியவர்களோ வகுப்புக்குச் சரியாக வந்து, ‘அறிவியல் பிடிக்கும்’ என்று டிக் அடித்திருந்தால் ‘ஈடுபாடு மிக்க மாணவர்கள்’.

இது ஒரு தனிச் சம்பவம் என்று தள்ள முடியாது. 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசு மேல்நிலைப் பள்ளியில் கைக்கயிறு தொடர்பாக எழுந்த மோதலில் பிளஸ் டூ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மார்ச் 10 அன்று ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வு எழுதப் பேருந்தில் போய்க்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு தலித் மாணவரைக் கீழே இழுத்துப் போட்டு வெட்டினார்கள். கைவிரல்கள் துண்டாகின. தேர்வு எழுதப் போன பிள்ளை என்பதை நினைவில் வையுங்கள். அதன் பிறகும் ‘கற்றல் ஈடுபாட்டைப் பாதிக்கும் காரணிகள்’ என்ற பட்டியலில் கைபேசிப் பயன்பாடும் பெற்றோரின் கல்வித்தகுதியும் மட்டும் இருந்தால், அந்தப் பட்டியலைப் போட்டவருக்குக் கண் தெரியவில்லை என்றுதான் அர்த்தம்.

சாதியைச் சொன்னதும் என்ன ஆயிற்று

‘பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, வீட்டுச் சூழல் சரியில்லை’ என்று சொல்கிறவர்களுக்குக் காட்ட வேண்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இருவர் உலக வங்கிக்காக உத்தரப் பிரதேசக் கிராமத்தில் நடத்தியது, 2004-இல் வெளியானது. ஆதிக்க சாதிச் சிறுவர்கள் 321 பேர், ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் இருக்கும் சிக்கலான பாதைப் புதிரில் வழி கண்டுபிடிக்க வேண்டும். தீர்ப்பதற்குத் தகுந்தபடி காசு.

சாதியை வெளியே சொல்லாமல் நடத்தியபோது இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை. பெயரோடு சாதியையும் எல்லோர் முன்பும் அறிவித்துவிட்டு நடத்தியதும் பெரிய இடைவெளி விழுந்தது. அதே வயதுப் பிள்ளைகள், அதே புதிர். இடையில் நடந்தது ஓர் அறிவிப்பு மட்டும்தான்.

இதைவிட முக்கியமான பகுதி ஒன்று உண்டு. யாருக்குக் காசு என்பதில் மனிதர் கை படாமல் குலுக்கல் வைத்தபோது, சாதியை அறிவித்தும்கூட அந்த இடைவெளி மறைந்துவிட்டது. இதிலிருந்து ஆய்வாளர்கள் எடுத்த பொருள் இதுதான்: சாதி முன்னால் நிற்கும்போது, உழைத்தாலும் நமக்கு நியாயமான பலன் கிடைக்காது என்று அந்தப் பிள்ளைகள் எதிர்பார்க்கிறார்கள்.

கவனியுங்கள் தோழர்களே. அது தாழ்வு மனப்பான்மை அல்ல. கண்ணால் பார்த்துக் கற்ற கணக்கு. நாம் ‘ஆர்வமின்மை’ என்று எழுதுவதை அந்தப் பிள்ளை ‘இந்த ஆட்டத்தில் நடுவர் யார் பக்கம் என்று எனக்குத் தெரியும்’ என்று எழுதுகிறது.

இப்போது நம் ஊர் கேள்வித்தாளைத் திருப்பிப் பாருங்கள். பல கேள்வித்தாள்களில் முதல் பக்கத்திலேயே பெயர், வகுப்பு, இனம். அதற்குப் பிறகுதான் ‘என்னால் அறிவியலில் சிறப்பாகச் செயல்பட முடியும்’ என்ற வாக்கியம். சாதியை நினைவூட்டிவிட்டு நம்பிக்கையை அளக்கிறார்கள். தராசில் கல்லைப் போட்டுவிட்டு எடை பார்ப்பதற்கு ஆய்வு என்று பெயர்.

தொட்டுப் படிக்கும் பாடம்

ஏன் குறிப்பாக அறிவியல்? வரலாறையும் தமிழையும் தள்ளி உட்கார்ந்துகூடப் படித்துவிடலாம். அறிவியல் தொட்டுப் படிக்கும் பாடம். கருவியைத் தொட வேண்டும், பகிர வேண்டும், இன்னொருவரோடு சேர்ந்து நிற்க வேண்டும். அம்பேத்கர் தன் பள்ளியில் சாக்குத் துணி கொண்டுபோய்த் தனியே உட்கார்ந்தார், தண்ணீர்க் குழாயைத் தொட அனுமதியில்லை. தீண்டாமையின் இலக்கணமே தொடாதே என்பது. அறிவியலின் இலக்கணம் தொட்டுப் பார் என்பது. இரண்டும் ஓர் ஆய்வக மேசையில் சந்திக்கும்போது என்ன நடக்கிறது என்று எந்த ஆய்வேடு கேட்டிருக்க வேண்டும்?

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம். பருமனறி பகுப்பாய்வுக்குப் பிப்பெட் வேண்டும. பல பள்ளிகளில் இன்றும் வாய் வைத்து உறிஞ்சித்தான் கரைசலை எடுக்கிறார்கள். ஒரு குழுவுக்கு ஒரு பிப்பெட். எச்சில் தீட்டு பார்க்கும் ஊரில், அந்தப் பிப்பெட்டில் யார் வாய் வைப்பது, யார் வைக்காமல் இருப்பது? நான் வேலை செய்யும் மாலைநேர மையத்தில் ஒரு பெண்பிள்ளையிடம் கேட்டேன். “எடுக்கிறது அவங்கக்கா, ரீடிங் எழுதுறது நாங்க” என்றாள். முடிந்ததும் சோதனைக் குழாய் கழுவுவது யார் என்று கேட்டேன். சிரித்தாள். அவள் ரெக்கார்டு நோட்டு சுத்தமாக இருந்தது. எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து வாங்கியிருந்தாள். ஆய்வாளர் வந்தால் ‘செய்முறையில் முழு ஈடுபாடு’ என்று எழுதிக்கொண்டு போவார்.

மதிப்பெண்ணுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. மேல்நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியலுக்கு எழுத்து 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. எழுத்துத் தாளைத் திருத்துகிறவருக்கு நம் முகம் தெரியாது. செய்முறையிலும் அகமதிப்பீட்டிலும் முகம் பார்த்துத்தான் மதிப்பெண் விழும். எல்லா ஆசிரியரும் அநியாயம் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த உத்தரப் பிரதேசச் சிறுவர்கள் எங்கே கை தளர்ந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். மனிதர் கையில் தீர்ப்பு இருந்த இடத்தில்.

எதைச் சொல்லித்தரத் தன்னம்பிக்கை?

இனி ஆசிரியர் பக்கம். 1977-இல் ஆல்பர்ட் பண்டூரா ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கையை ஒரு கோட்பாடாக வளர்த்தார். 1990-இல் ரிக்ஸ், எனாக்ஸ் இருவரும் அதை அறிவியல் ஆசிரியர்களுக்கான அளவுகோலாக மாற்றினார்கள். அதன் வழி வந்த அளவுகோல்கள் உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த அளவுகோலில் இரண்டு பாதி உண்டு. ‘என்னால் அறிவியலை நன்றாகக் கற்பிக்க முடியும்’ என்பது முதல் பாதி. ‘நன்றாகக் கற்பித்தால் பிள்ளைகள் கற்றுக்கொள்வார்கள்’ என்பது இரண்டாம் பாதி.

அந்த இரண்டாம் பாதிக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது. ‘இதுகளுக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறாது’ என்ற வார்த்தையை ஆசிரியர் அறைகளில் கேட்காதவர் யார்? அதைச் சொல்கிற ஆசிரியருக்குத் தன் மீது நம்பிக்கை குறைவில்லை. குறைவெல்லாம் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை மீது. எல்லா மாணவர்களையும் சேர்த்து ஒரே வாக்கியமாகக் கேட்கிற கேள்வித்தாளில் இது தெரியாது. எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளும், எந்தப் பிள்ளை கற்றுக்கொள்ளாது என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டால்தான் தெரியும்.

இன்னொரு தன்னம்பிக்கையும் உண்டு. பத்தாம் வகுப்பில் மரபியல் பாடம் வருகிறது. மெண்டலின் பட்டாணிச் செடி, டி.என்.ஏ. எல்லாம் நடத்துகிறார்கள். 2013-இல் பிரியா மூர்ஜானி, ஹைதராபாத் சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், டேவிட் ரைக் உள்ளிட்டோர் வெளியிட்ட மரபணு ஆய்வு என்ன சொன்னது? ஏறக்குறைய 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்த நாட்டு மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகுதான் அகமணம் இறுகியது. ஆதியிலிருந்தே தனித்தனி ரத்தம் என்ற கதை ஆய்வகத்தில் நிற்கவில்லை. இதை மெண்டலோடு சேர்த்து ஒரு பீரியடில் சொல்லிவிடலாம். கைக்கயிறு கட்டிய பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் இதைச் சொல்ல எத்தனை ஆசிரியர்களுக்குத் தைரியம் இருக்கிறது? அளக்க வேண்டிய தன்னம்பிக்கை அது.

அந்தத் தைரியம் இல்லாததற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். 2019-இல் கைக்கயிறுகளைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக்கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்பு வந்ததும் அன்றைய அமைச்சரே பின்வாங்கினார். மேலே இருப்பவர் கயிற்றுக்குப் பயந்தால் கீழே இருப்பவர் அரிவாளுக்குப் பயப்பட மாட்டாரா? நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. கைக்கயிறு, மோதிரம், சாதி அடையாளப் பொட்டுக்குத் தடை, அகரவரிசையில் இருக்கை, பள்ளிப் பெயர்களில் சாதி நீக்கம், ஒரு பகுதியின் ஆதிக்க சாதியைச் சேர்ந்தவரை அங்கே தலைமையாசிரியராகப் போடாமல் இருப்பது என்று தெளிவான பரிந்துரைகள் அதில் உண்டு. ஆசிரியர் தன்னம்பிக்கையை வளர்க்கும் ஆவணம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். தான் ஒரு கயிற்றைக் கழற்றச் சொன்னால் தலைமையாசிரியரும் முதன்மைக் கல்வி அலுவலரும் காவல்துறையும் தன் பின்னால் நிற்பார்கள் என்ற உறுதி, பத்து நாள் பணியிடைப் பயிற்சியில் வராது.

ராக்கெட்டும் இரும்பும்

நம் மாவட்டத்துக்கு அறிவியல் புதிதல்ல. மகேந்திரகிரியில் இஸ்ரோ ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கிறது. கூடங்குளத்தில் தலா 1,000 மெகாவாட் அணு உலைகள் ஓடுகின்றன. நாங்குநேரியும் வள்ளியூரும் அந்த மலைக்கு அருகில்தான் இருக்கின்றன. சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுப் பழமை கொண்டது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபோது நாமும் பெருமைப்பட்டோம். அந்தச் சிவகளை இருக்கும் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில்தான் இரண்டு மாதம் கழித்து இரும்பு ஒரு மாணவரின் விரல்களைத் துண்டித்தது. கொக்கிரகுளத்தில் மாவட்ட அறிவியல் மையம் இருக்கிறது. 1999 ஜூலை 23-இல் மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்களில் 17 பேர் காவல்துறைத் தாக்குதலில் ஆற்றில் செத்ததும் அதே கொக்கிரகுளம்தான். அறிவியல் மையத்துக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர் இதைப் பிள்ளைகளிடம் சொல்வதுண்டா?

இங்கிலாந்தில் லூயிஸ் ஆர்ச்சர் குழுவினர் 2009-இல் தொடங்கிய ஆய்வில் ஒன்றைக் கண்டார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அறிவியல் பிடிக்கிறது. விஞ்ஞானி ஆவோம் என்று நினைப்பவர்கள் மட்டும் குறைவு. ‘அது நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை’ என்ற எண்ணம் குறுக்கே நிற்கிறது. குடும்பத்திலும் சுற்றத்திலும் இருக்கும் அறிவியல் தொடர்புகளை அவர்கள் ‘அறிவியல் மூலதனம்’ என்றார்கள். நம் ஆட்கள் இதைப் படித்ததும் ‘சேரிப் பிள்ளைகளுக்கு மூலதனம் இல்லை’ என்று எழுதத் தொடங்கிவிடுவார்கள். இல்லையா? கன்னடியன் கால்வாயிலும் மருதூர் அணைக்கட்டிலும் மடை திறந்து, மடை அடைத்து, வயலுக்கு வயல் நீர் அளந்து விட்டவர்கள் யார்? மடைக்குடும்பன் என்ற பொறுப்பு யாருடையது? எந்த மட்டத்தில் எவ்வளவு வேகத்தில் தண்ணீர் போகும் என்பது அந்தத் தாத்தாவுக்குக் கைப்பாடம். ஒன்பதாம் வகுப்பில் ‘பாய்மங்கள்’ பாடம் நடத்தும்போது அந்தத் தாத்தாவின் பெயர் வகுப்பில் ஒலித்ததுண்டா? மூலதனம் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது செல்லாக்காசாக்கப்பட்டிருக்கிறது.

ஆர்வம் இல்லை என்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் போதும். கார்ல் சேகனைப் போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர் ரோகித் வெமுலா. பிளஸ் டூவில் 1,200-க்கு 1,176 எடுத்து மருத்துவராக ஆசைப்பட்டவர் அரியலூர் அனிதா. இருவருக்கும் குறைந்தது ஈடுபாடு அல்ல.

வழக்கமான மூன்று பதில்கள்

‘எல்லாத்துலயும் சாதியைக் கொண்டு வராதீங்க’ என்பார்கள். கொண்டு வந்தது நாங்கள் இல்லை. மணிக்கட்டில் கலர் கலராகக் கட்டிக்கொண்டு வருவது யார் என்று பாருங்கள்.

‘வானவில் மன்றம் இருக்கிறதே’ என்பார்கள். இருக்கட்டும், வரவேற்கிறேன். 2022 நவம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளுக்குச் சோதனைகளைக் கொண்டுபோகிறது. சோதனை நடக்கிறதா என்பதோடு யார் கை கருவியில் பட்டது என்பதையும் பதிவு செய்யுங்கள் என்கிறேன்.

‘நம்மாளு வாத்தியாரா வந்தா சரியாயிடும்’ என்று நம் பக்கத்திலேயே சொல்வார்கள். நம்மவர்கள் வர வேண்டும், அது உரிமை. ஆனால் ஹன்னா, லிண்டன் இருவரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். விடைத்தாள்களின் மேல் சாதியை ஏதோ ஒன்றாக மாற்றி மாற்றி எழுதி இந்திய ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதப்பட்ட தாள்களுக்குச் சிறிதளவு மதிப்பெண் குறைந்தது. குறைத்ததில் பெரும்பங்கு ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்களுடையது. சாதி நம் ஆட்களின் பேனாவுக்குள்ளும் ஊறியிருக்கிறது. ஆளை மாற்றுவதோடு முறையையும் மாற்றியாக வேண்டும்.

நாம் கேட்க வேண்டியவை

ஆய்வு செய்யப் போகும் தோழர்களே, உங்கள் கேள்வித்தாளில் இவற்றைச் சேருங்கள்:

1. கடந்த மாதம் ஆய்வகத்தில் நீ கையால் தொட்டுச் செய்த சோதனைகள் எத்தனை? பார்த்தவை எத்தனை?
2. உன் குழுவை யார் பிரித்தது? ஆசிரியரா, நீங்களாகவா, தெருவா?
3. கருவிகளைக் கழுவி வைப்பது பெரும்பாலும் யார்?
4. வகுப்பில் ஆசிரியர் உன்னிடம் கடைசியாக எப்போது கேள்வி கேட்டார்?
5. சாதித் தொல்லையைச் சொன்னால் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பும் ஆசிரியர் ஒருவராவது உன் பள்ளியில் உண்டா?
6. ஆசிரியருக்கு: சாதிக்கு உயிரியல் அடிப்படை இல்லை என்று உங்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறீர்களா? இல்லையென்றால் எது தடுத்தது?

சாதி விவரத்தைக் கடைசிப் பக்கத்தில் கேளுங்கள், பெயர் கேட்காதீர்கள். நிரப்பிய தாளைத் தலைமையாசிரியர் கையில் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பாதுகாப்பு உங்கள் பட்டத்தைவிடப் பெரியது.

அரசிடம் கேட்க வேண்டியது நீளமான பட்டியல் இல்லை. சந்துரு அறிக்கையை முழுமையாக நடைமுறைப்படுத்து. ஆய்வகக் குழுக்களை அகரவரிசையிலோ குலுக்கலிலோ பிரித்து மாதம் ஒருமுறை மாற்று. பிப்பெட்டுக்கு ரப்பர் பல்பு வாங்கிக் கொடு, அது பாதுகாப்பு விதியும்கூட. செய்முறை மதிப்பெண் எதற்கு எவ்வளவு என்பதை மாணவர் பார்க்கும்படி எழுதி ஒட்டு. கயிற்றைக் கழற்றச் சொல்லும் ஆசிரியரை இடமாற்றம் செய்யாதே.

அதுவரை நெல்லையில் எந்த ஆய்வேடாவது ‘சாதி அடிப்படையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிந்தால், வாய்மொழித் தேர்வில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அந்தப் பள்ளியின் ஆய்வகத்துக்குள் நீங்கள் போய்ப் பார்த்தீர்களா?